94-இல் நின்ற வேகம்: வீட்டு நெட்டில் எச்டி படம் இறக்கும் கணக்கு

இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஆறு மாதம் அப்பா தன் அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. மாலை 7 மணிக்கு ஒரு படம், அவருடைய நாளில் அதுதான் நல்ல பகுதி. காது கொஞ்சம் மந்தம் என்பதால் சப்டைட்டில் பெரிய எழுத்தில் வர வேண்டும். பிடித்த காட்சியை இரண்டு தடவை ஓட்டிப் பார்ப்பார். ஆனால் சரியாக அந்த 7 மணிக்குத்தான் எங்கள் வீட்டு நெட் திணறும். படம் நிற்கும், வட்டம் சுற்றும், கொஞ்சம் ஓடும், மறுபடி நிற்கும். அப்பா எதுவும் சொல்ல மாட்டார். டிவியை அணைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

நான் முதலில் பிளானைத்தான் மாற்றினேன். 100 மெகாபிட்டிலிருந்து 300 மெகாபிட்டுக்குப் போனேன். ஒரு மாற்றமும் இல்லை. சேவை நிறுவனத்துக்கு நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் ‘எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது’ என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான் என்று பிறகு தெரிந்தது. கோளாறு வீட்டுக்குள் இருந்தது, அதுவும் மூன்று இடத்தில். கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. இதைப் படிப்பவர்களுக்குச் சில நாள் போதும் என்று நினைக்கிறேன், அதற்காகத்தான் எழுதுகிறேன். படத்தை முன்கூட்டியே இறக்கிவைத்து டிவியில் போடும் வழியும் இதிலேயே இருக்கிறது.

முதலில் கணக்கு

பிளானில் 100 என்று இருக்கிறது, டவுன்லோடு செய்யும்போது 11 என்று காட்டுகிறது, ஏமாற்றுகிறார்களா? என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. ஏமாற்று இல்லை. இரண்டும் வேறு வேறு அளவு. நெட் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள். கோப்பின் அளவு மெகாபைட்டில் இருக்கும். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆக 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட் வரலாம்.

அந்த 12.5-உம் முழுதாகக் கைக்கு வராது. நெட்டில் தகவல் ஒரே நீரோட்டமாக வருவதில்லை. சுமார் 1,500 பைட் கொண்ட சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்ற முகவரியும் வேறு சில குறிப்புகளும் ஒட்டியிருக்கும். அதற்கே கிட்டத்தட்ட 5 சதவீதம் போய்விடும். அதனால் 100 மெகாபிட் செல்லும் வழியில் நல்ல நிலையில் அளந்தால் 94 அல்லது 95 காட்டும். இந்த 94 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

படம் இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு நான் வைத்திருக்கும் வாய்ப்பாடு இது: ஜிபியை 150-ஆல் பெருக்கி, மெகாபிட் வேகத்தால் வகுத்தால் வருவது நிமிடம். சுத்தக் கணக்குப்படி 133-ஆல் பெருக்கினால் போதும். ஆனால் வேகம் ஒரே சீராக இருப்பதில்லை. நடுவில் விழும், எழும். 150 வைத்துக்கொண்டால் சொன்ன நேரத்துக்குள் முடிந்துவிடும்.

6 ஜிபி படம், 100 மெகாபிட் வேகம் என்றால் 9 நிமிடம். அதே படம் 40 மெகாபிட்டில் 22 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அப்பாவின் அறையில் நான் முதல் தடவை அளந்தபோது கிடைத்த வேகம் 18. அதில் 50 நிமிடம். வகுக்கும்போது பிளானில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் போடாதீர்கள். நீங்கள் அளந்த எண்ணைப் போடுங்கள். பிளானில் ‘வரை’ என்று ஒரு சொல் இருக்கும், 300 வரை என்று. அந்தச் சொல்லுக்குள் நிறைய விஷயம் அடங்கியிருக்கிறது.

ஜிபி கணக்கிலும் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. தளத்தில் 4.5 ஜிபி என்று போட்டிருக்கும், இறக்கிய பின் விண்டோஸ் 4.19 என்று காட்டும். பாதிதான் இறங்கியதோ என்று பயப்பட வேண்டாம். தளம் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024-ஆக எண்ணுகிறது. கோப்பு ஒன்றுதான்.

படம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்

ஒரு படத்தின் கனத்தை முடிவு செய்வது அதன் பிட்ரேட், அதாவது ஒரு நொடிப் படத்துக்கு எத்தனை மெகாபிட் செலவிட்டிருக்கிறார்கள் என்பது. 1080பி, 4கே என்ற பெயர்கள் திரையில் எத்தனை புள்ளிகள் என்று மட்டும்தான் சொல்லும். 1080பி என்றால் 1920-க்கு 1080, சுமார் 20 லட்சம் புள்ளிகள். 4கே அதைப் போல நான்கு மடங்கு, சுமார் 83 லட்சம். அத்தனை புள்ளிகளையும் நிரப்பப் போதிய தகவல் கோப்பில் இருக்கிறதா என்பதைப் பிட்ரேட்தான் சொல்லும்.

இரண்டு மணி நேரப் படம் 7,200 நொடி. நொடிக்கு 5 மெகாபிட் என்றால் 36,000 மெகாபிட், 8-ஆல் வகுத்தால் 4,500 மெகாபைட், அதாவது 4.5 ஜிபி. நெட்ஃபிளிக்ஸ் ஃபுல் எச்டி பார்க்க 5 மெகாபிட் வேகமும், 4கே பார்க்க 15 மெகாபிட் வேகமும் வேண்டும் என்கிறது. அந்த 15-ஐ அப்படியே பிட்ரேட்டாக எடுத்துக்கொண்டால் இரண்டு மணி நேர 4கே படம் 13.5 ஜிபி வரும். ப்ளூரே வட்டு இன்னொரு எல்லை. ஓர் அடுக்கில் 25 ஜிபி, இரண்டு அடுக்கில் 50 ஜிபி பிடிக்கும்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதில்தான் பயன் அதிகம். 1080பி என்று பெயர் போட்ட இரண்டு மணி நேரப் படம் 1.5 ஜிபி என்றால், பிட்ரேட் 1.7 மெகாபிட்கூட இல்லை. பேசும் முகங்கள் நன்றாகவே தெரியும். மழை, கூட்டம், தூசி, இருட்டு வந்துவிட்டால் படம் கட்டம் கட்டமாக உடையும். இரவு வானம் படிக்கட்டு போலப் பட்டை பட்டையாகத் தெரியும். நெட் சரியில்லை என்று நினைத்துவிடுவோம். கோப்பிலேயே அவ்வளவுதான் இருக்கிறது. பட்டினி போட்ட 4கே-ஐவிட நன்றாகச் சாப்பிட்ட 1080பி எத்தனையோ மேல். இதை நான் அடித்துச் சொல்வேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு, சுருக்கும் முறை. 2003-இல் வந்த எச்.264 இன்னும் ஏறத்தாழ எல்லாக் கருவியிலும் ஓடுகிறது. 2013-இல் வந்த எச்.265, ஏறத்தாழ பாதி அளவிலேயே அதே தரத்தைத் தந்துவிடும். இதை எச்இவிசி என்றும் எழுதியிருப்பார்கள். அதனால் எச்.265-இல் 2.5 ஜிபி உள்ள 1080பி படத்தைச் சின்னது என்று ஒதுக்க வேண்டாம். 2018-இல் வந்த ஏவி1 இன்னும் சிக்கனம். ஆனால் உங்கள் டிவிக்கு அந்த முறை தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஒலி மட்டும் வரும், திரை கறுப்பாக நிற்கும். இரண்டு மணி நேரப் படத்தை இறக்குவதற்கு முன் அதே முறையில் உள்ள ஒரு நிமிடத் துண்டை டிவியில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஒலியிலும் மிச்சம் பிடிக்கலாம். 640 கிலோபிட் 5.1 (ஆறு ஸ்பீக்கருக்கான) ஒலித்தடம் இரண்டு மணி நேரத்துக்கு 576 மெகாபைட் எடுக்கும். 192 கிலோபிட் ஸ்டீரியோ 173 மெகாபைட்தான். டிவியின் சொந்த ஸ்பீக்கரிலேயே கேட்பவர்களுக்கு ஸ்டீரியோ போதும். பேச்சும்கூட அதில் தெளிவாகக் கேட்கும் என்பது அப்பாவை வைத்து நான் பார்த்தது.

அடைப்பு எங்கே இருக்கிறது

நெட் வேகம் குழாயில் வரும் தண்ணீர் மாதிரி. தெருவில் எவ்வளவு பெரிய குழாய் இருந்தாலும் வீட்டுக்குள் ஓரிடத்தில் விரல் தடிமன் குழாய் இருந்தால் அவ்வளவுதான் வரும். அந்தக் குறுகிய இடத்தைத் தேடாமல் பிளானை மட்டும் பெரிதாக்கியதுதான் நான் செய்த தவறு.

தேடுவதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. நெட் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் தொடங்கி, படம் பார்க்கும் இடம் வரை ஒவ்வொரு கட்டமாக அளந்துகொண்டே வர வேண்டும். எங்கே எண் திடீரென்று விழுகிறதோ அங்கேதான் அடைப்பு.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். வைஃபையை அணைத்துவிட்டு லேன் வயரைச் செருகுங்கள். வீட்டில் மற்ற எல்லாருடைய போனிலும் வைஃபையை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு ஸ்பீடு டெஸ்ட். காலை ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, இரவு 9 மணிக்கு ஒரு தடவை, மூன்று நாள். காகிதத்தில் எழுதி வையுங்கள், நினைவை நம்ப வேண்டாம். இரண்டு விதமான டெஸ்ட்டில் பார்ப்பது நல்லது. சில டெஸ்ட்டுகள் உங்கள் நிறுவனத்தின் வலைக்குள்ளேயே இருக்கும் பக்கத்துச் சர்வரை, அதாவது தகவலை அனுப்பும் கணினியை, தேர்ந்தெடுக்கும், எண் அழகாக வரும். நெட்ஃபிளிக்ஸ் 2016-இல் கொண்டுவந்த ஃபாஸ்ட்.காம், படங்கள் வரும் அதே சர்வர்களிலிருந்து அளக்கிறது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் வழி வெளியில் எங்கோ நெரிசலாக இருக்கிறது. வயரில் காலையில் நன்றாக இருந்து இரவில் மட்டும் விழுந்தாலும் அதே காரணம்தான், ஒரே நேரத்தில் எல்லா வீட்டிலும் படம் ஓடுகிறது. அப்போது உங்கள் காகிதத்தை வைத்துக்கொண்டு நிறுவனத்திடம் பேசலாம். ‘மெதுவாக இருக்கிறது’ என்று சொல்வதற்கும் ‘வயரில் அளந்தேன், காலையில் 280, இரவு 9 மணிக்கு 35, மூன்று நாளும் இப்படித்தான்’ என்று சொல்வதற்கும் கிடைக்கும் பதில் வேறு.

என் காகிதத்தில் காலை, மதியம், இரவு எல்லாவற்றிலும் ஒரே எண் இருந்தது. 94. 93.8, 94.1, 94.2 என்று அதைச் சுற்றியே நின்றது. 300 பிளான் வாங்கிய வீட்டில் அசையாத 94.

வயரில் அளக்கும்போது எண் 94-இல் ஆணி அடித்த மாதிரி நின்றால், வழியில் எங்கோ ஒரு 100 மெகாபிட் இணைப்பு இருக்கிறது என்று அர்த்தம். லேன் வயருக்குள் 8 கம்பிகள் உண்டு, இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடி. 1,000 மெகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். மற்ற இரண்டு ஜோடியில் ஒரே ஒரு கம்பி அறுந்தாலும் பல கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் வரும், விளக்கு எரியும், எச்சரிக்கை எதுவும் வராது. என் வீட்டில் மோடத்திலிருந்து, அதாவது நெட் வீட்டுக்குள் வந்து சேரும் பெட்டியிலிருந்து, ரவுட்டருக்குப் போகும் வயர் கதவிடுக்கில் மாட்டி நசுங்கியிருந்தது. வெளித்தோல் கிழியாததால் பார்த்தால் தெரியவே தெரியாது. வயரை மாற்றிய அடுத்த நிமிடம் 283 காட்டியது.

உங்கள் வீட்டில் இதைச் சோதிக்க, லேப்டாப்பின் நெட்வொர்க் அமைப்பில் ஈதர்நெட்டின் (லேன் வயரின்) இணைப்பு வேகம் என்று இருப்பதைப் பாருங்கள். 1000 என்று இருக்க வேண்டும். 100 என்று இருந்தால் வயர், வயரின் முனை, ரவுட்டர், லேப்டாப் இந்த நான்கில் ஒன்று காரணம். லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள இணைப்பை மட்டும்தான் இது காட்டும். மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருப்பதைப் பார்க்க ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போக வேண்டும், அல்லது லேப்டாப்பை நேராக மோடத்தில் செருகி அளக்க வேண்டும். வயரின் தோலில் எழுத்து அச்சிட்டிருக்கும். கேட் 5ஈ அல்லது கேட் 6 என்று இருந்தால் 100 மீட்டர் நீளம் வரை 1,000 மெகாபிட்டுக்குக் கவலை இல்லை. பழைய ரவுட்டர்கள் பலவற்றில் துளைகளே 100 மெகாபிட்தான், அதற்கு வயர் மாற்றிப் பயனில்லை. பல ஸ்மார்ட் டிவிகளின் லேன் துளையும் 100-தான். ஆனால் படம் பார்க்க அதுவே தாராளம், அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, வயரில் 283 வந்துவிட்டது. அப்பாவின் அறைக்குப் போனால் வைஃபையில் 18.

வைஃபையில் இரண்டு அலைவரிசை சாதாரணமாக இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைக் கொஞ்சம் நன்றாகத் தாண்டும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அக்கம்பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் அந்த மூன்றுக்குள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ அதே 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. ஓர் ஆண்டெனா உள்ள எளிய கருவி இந்த அலைவரிசையில் 72 மெகாபிட் இணைப்பு என்று காட்டும், உண்மையில் கிடைப்பது அதில் பாதிதான். 5 கிகாஹெர்ட்ஸ் பல மடங்கு வேகம், சேனல்களும் நிறைய, ஆனால் சுவருக்குச் சுவர் சோர்ந்துபோகும். இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனி வைஃபை பெயர் வைத்துக்கொண்டால் எந்தக் கருவி எதில் இருக்கிறது என்று உங்கள் கையில் இருக்கும்.

எங்கள் ரவுட்டர் இரும்பு அலமாரிக்குப் பின்னால், தரையோரம் இருந்தது. வயர் வெளியே தெரியாமல் இருக்க நானே அங்கே வைத்தது. இரும்பு, பெரிய கண்ணாடி, தண்ணீர் நிறைந்த தொட்டி இவையெல்லாம் அலையைத் தடுக்கும், திருப்பும், விழுங்கும். ரவுட்டரை எடுத்து, அப்பாவின் அறை வாசலை நேராகப் பார்க்கும்படி தலைக்கு மேல் உயரத்தில் ஒரு திறந்த பலகையில் வைத்தேன். செய்தது அவ்வளவுதான். டிவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். 18 இருந்த இடத்தில் 110. இதற்கு எதுவும் வாங்கவில்லை.

இடம் மாற்றியும் எட்டாத அறை இருந்தால் ரிப்பீட்டர் வாங்குவதற்கு முன் யோசியுங்கள். எளிய ரிப்பீட்டர்கள் ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்புகின்றன, ஆகவே வேகம் பாதிக்குப் பாதி குறைந்துவிடும். முடிந்தால் ஒரு லேன் வயரை அந்த அறைவரை இழுத்து, அங்கே இன்னொரு வைஃபை கருவியை வையுங்கள்.

மூன்றாவது கோளாறுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. பகலில் 110 வரும் அறையில் மாலை 7 மணிக்கு மட்டும் 12, சில நாள் 8. வெளியே நெரிசல் என்றே நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியமும் அதேபோல் விழுந்தது. அன்று தம்பி வீட்டில் இருந்தான். மற்ற நாட்களில் அவன் வேலை முடிந்து வரும் நேரம் ஏழு மணி. அவன் போன் வைஃபையில் சேர்ந்ததும் அன்றைய போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் மேலே ஏற்றத் தொடங்கிவிடும்.

மேலே ஏற்றுவது எப்படிக் கீழே இறக்குவதைக் கெடுக்கும்? நாம் வாங்கும் பொட்டலங்களுக்கு ‘வந்து சேர்ந்தது’ என்று நம் கருவி பதில் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பதில் வந்தால்தான் சர்வர் தொடர்ந்து அனுப்பும். பல பிளான்களில் மேலே போகும் வழி மிகக் குறுகியது. அதைத் தம்பியின் வீடியோக்கள் அடைத்துக்கொண்டால் பதில் பொட்டலங்கள் வரிசையில் நிற்கும். சர்வர் நம்மை மெதுவான ஆள் என்று நினைத்து வேகத்தைக் குறைக்கும். தம்பியின் போனில் அந்த பேக்கப்பை ‘சார்ஜ் ஏறும்போது மட்டும்’ என்று மாற்றினோம். அவன் போனைச் சார்ஜில் போடுவது படுக்கப் போகும்போதுதான். அன்று மாலையிலிருந்து அப்பாவின் படம் நிற்கவில்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் சேர்ந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருக்கும். வேகம் விழும் நேரத்தில் அதைத் திறந்து பாருங்கள். வீட்டில் கேமரா மாட்டியிருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள், அது நாள் முழுக்க மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இவ்வளவும் சரியாகியும் ஒரு தளத்திலிருந்து மட்டும் நொடிக்கு 2 மெகாபைட், இன்னொன்றிலிருந்து 11 என்றால், அந்த முதல் தளத்தின் சர்வர் அவ்வளவுதான் தருகிறது. உங்கள் வீட்டில் தேட வேண்டியது எதுவும் இல்லை.

மூன்றையும் சரிசெய்த பிறகு 150 வாய்ப்பாட்டை மறுபடி போட்டுப் பார்த்தேன். 6 ஜிபி படம் 300-இல் 3 நிமிடம், 100-இல் 9 நிமிடம். விடியற்காலையில் தூங்கும்போது இறங்கும் படத்துக்கு அந்த 6 நிமிடம் யாருக்கும் தேவையில்லை. பழைய 100 பிளானுக்கே திரும்பிவிட்டேன்.

இறக்கும்போது

எங்கிருந்து இறக்குவது என்பதில் எனக்கு ஒரே கோடுதான்: உரிமை உள்ள இடம். காசு கொடுத்து வாங்கிய அல்லது வாடகைக்கு எடுத்த படம், சந்தா கட்டும் செயலியின் டவுன்லோடு பொத்தான், காப்புரிமைக் காலம் முடிந்த பழைய படங்கள், படைப்பாளிகளே திறந்த உரிமத்தில் விட்ட படங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் பழைய படங்கள் நிறைய இருக்கின்றன. பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளை நடத்தும் அமைப்பு வெளியிட்ட குறும்படங்களைத் தரமான எச்டியில் யாரும் இறக்கலாம், டிவியின் திறனைச் சோதிக்கவும் அவை அருமை. திருட்டுத் தளங்களில் படத்தின் பெயரில் வைரஸ் வரும், அது ஒரு பக்கம். ஒரு படத்துக்குப் பின்னால் ஒளி பிடித்தவர், ஒலி கோத்தவர் என்று இருநூறு பேர் உழைப்பு இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிய காரணம்.

செயலியில் இறக்கும்போது முதலில் அமைப்புக்குள் போய் டவுன்லோடு தரம் என்னவென்று பாருங்கள். பல செயலிகள் இடம் மிச்சம் பிடிக்கக் குறைந்த தரத்தில் வைத்திருக்கும். அப்புறம், நெட் நன்றாக இருந்தும், தரத்தை உயர்த்தியும், ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் படம் மங்கலாகவே இருந்தால் வைட்வைன் என்ற நகல் தடுப்பு முறையின் நிலையைப் பாருங்கள். எல்1 இருந்தால்தான் பெரிய சேவைகள் எச்டி தரும். எல்3 என்று இருந்தால் சாதாரணத் தரத்தோடு நிறுத்திவிடும். சில செயலிகளின் அமைப்புப் பகுதியிலேயே இது எழுதியிருக்கும். எங்கள் பழைய டேப்லெட் எல்3. அதை நெட்டின் குறை என்று பல நாள் நினைத்திருந்தேன். செயலியில் இறக்கியது உங்களுக்கு நிரந்தரமும் இல்லை. வாடகைப் படமென்றால் பார்க்கத் தொடங்கி 48 மணி நேரத்தில் காலாவதியாகும் சேவைகள் உண்டு, ஆகவே வெள்ளிக்கிழமை திறந்து பார்த்துவிட்டு ஞாயிறு இரவுக்கு வைக்காதீர்கள்.

கோப்பாக இறக்கும் படங்களுக்கு டவுன்லோடு மேனேஜர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரியா2, ஃப்ரீ டவுன்லோடு மேனேஜர் இரண்டும் இலவசம். நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு கோப்பை நான்கு துண்டாக ஒரே நேரத்தில் வாங்கும். சர்வர் ஓர் இணைப்புக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருந்தால் இதில் வேகம் கூடும். நான்குக்கு மேல் போக வேண்டாம், சில சர்வர்கள் தடுத்துவிடும். லேப்டாப் தூங்கப் போகாதபடி அமைப்பை மாற்றிவிட்டு, நான் விடியற்காலை 4:30-க்குத் தொடங்கும்படி நேரம் குறித்து வைக்கிறேன். மாத வரம்பு உள்ள பிளான் என்றால், வரம்பை ஒரு படத்தின் அளவால் வகுத்து எத்தனை படம் என்று மாதத் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். வரம்பு முடிந்ததும் வேகத்தை அடியோடு குறைக்கும் பிளான்கள் இருக்கின்றன.

நேராகப் பென் டிரைவில் இறக்காதீர்கள். மலிவான பென் டிரைவ்கள் பல நொடிக்கு 6 மெகாபைட் அளவில்தான் எழுதும். நெட் 11 தந்தாலும் அப்படிப்பட்ட பென் டிரைவ் 6-தான் வாங்கும். லேப்டாப்பில் இறக்கிவிட்டுப் பிறகு நகலெடுங்கள். அந்த வேகத்தில் 6 ஜிபி நகலெடுக்க 17 நிமிடம் ஆகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறவே மறுத்தால், பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, எவ்வளவு காலியிடம் இருந்தாலும் சரி. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் ஏறும். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். டிவி எக்ஸ்ஃபேட்டைப் படிக்கிறதா என்றும் ஒரு சின்னக் கோப்பை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

சப்டைட்டில் தனிக் கோப்பாக வந்தால் படத்தின் பெயரையே அதற்கும் வையுங்கள், எழுத்து எழுத்தாக ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே போல்டரில் இருந்தால் பெரும்பாலான டிவிகள் தானே எடுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறியோ கட்டமோ வந்தால், சப்டைட்டில் கோப்பை நோட்பேடில் திறந்து, சேமிக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அதற்கும் கட்டமே வந்தால் டிவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள், அப்போது லேப்டாப்பை எச்டிஎம்ஐ வயரில் டிவியோடு இணைத்துப் பார்ப்பதுதான் வழி.

பென் டிரைவை டிவியில் செருகிய பிறகு நான் படத்தை மூன்று இடத்தில் ஓட்டிப் பார்ப்பேன்: தொடக்கம், நடு, கடைசி ஐந்து நிமிடம். கடைசி ஐந்து நிமிடத்தைத் தவறாமல் பாருங்கள், இறங்காமல் நின்ற கோப்பு அங்கேதான் காட்டிக்கொடுக்கும். பேச்சும் எழுத்தும் ஒன்றாக வருகிறதா என்றும் அங்கேயே பார்க்க வேண்டும். தொடக்கத்தில் அரை நொடி விலகும் சப்டைட்டில் முடிவில் பத்து நொடிகூட விலகியிருக்கலாம். இது எல்லாம் மதியமே முடிந்துவிட வேண்டும். ஏதாவது தவறியிருந்தால் மறுபடி இறக்க 7 மணிக்குள் நேரம் இருக்கும்.